சாய்வின் கணக்கு

திருப்பனந்தாள் என்றதும் சைவ இலக்கியம் அறிந்த நண்பர்களுக்குச் சாய்ந்த லிங்கம் நினைவுக்கு வரும். தாடகையின் மாலையை ஏற்கச் சாய்ந்தவர் செஞ்சடையப்பர் என்பது தலபுராணம். யானைகள் இழுத்தும் நிமிராதவரைக் குங்கிலியக்கலயர் தம் கழுத்தில் கயிறு பூட்டி நிமிர்த்தியதைப் பெரியபுராணம் சொல்கிறது. அவ்வூர்க்காரனாகிய நான் பிழைப்புக்குச் செய்வதும் ஒருவகையில் சாய்வின் கணக்குதான். நுண்துளைகள் கொண்ட அடுக்குப் பாறை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணினியில் கண்டறிவது என் வேலை.

ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிடத்தி மேலிருந்து அழுத்தினால் தாங்கும். சாய்த்து அழுத்தினால் ஏடுகள் வழுக்கிக்கொண்டு போகும். படிவுப் பாறையும் அப்படியே. அழுத்தும் திசைக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள கோணம் ஏறத்தாழ 30 பாகையாகும்போது பெரும்பாலும் அதன் வலிமை மிகவும் குறைகிறது. ஆகவே அடுக்குப் பாறைக்கு ஒற்றை வலிமை என்று ஒன்று கிடையாது.

1979இல் கண்டால், ஸ்ட்ராக் இருவரும் மணல் போன்ற துகள்திரளுக்கென ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த முறையில், ஆயிரக்கணக்கான உருண்டைகளைக் கணினிக்குள் ஒட்டவைத்துப் பாறை செய்கிறோம். ஆங்காங்கே உருண்டைகளை நீக்கினால் துளை. ஒரு தளத்தில் ஒட்டைத் தளர்த்தினால் அடுக்கு. பிறகு மெல்ல அழுத்தி, எந்த ஒட்டு முதலில் விடுகிறது என்று பார்த்திருக்க வேண்டியதுதான்.

2017 ஜூன் 30 அன்று எங்களூர்ப் பக்கத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. அதற்குப் பின் ஊருக்குப் போனபோது பெரியப்பா கேட்டார்: “ஏம்ப்பா, பாறையத்தானே படிச்சிருக்கே? எண்ணெய் எடுத்தா நம்ம நெலம் உள்வாங்குமா? ஒத்த வார்த்தையில சொல்லு.”

ஒற்றை வார்த்தை என்னிடம் இல்லை. துளைகளிலுள்ள திரவமும் வாயுவும் மேலேயுள்ள பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கின்றன. அவற்றை எடுத்தால் அப்பங்கு பாறைத் துகள்கள்மேல் இறங்கும். பாறை சற்று நெருங்கும். எவ்வளவு என்பதை அடுக்கின் தடிமன், துளையளவு, அழுத்த வீழ்ச்சி ஆகியவை தீர்மானிக்கும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1959இல் கண்டறிந்த எரிவாயு வயலின் மேல் நிலம் 30 செ.மீ.க்கு மேல் தாழ்ந்தது. 2012இல் 3.6 அளவு நிலநடுக்கமும் வந்தது. 2024இல் அதைச் சட்டமியற்றி நிரந்தரமாக மூடினார்கள். நம் படுகையின் பாறை வேறு, எடுக்கும் அளவும் வேறு; அந்த எண்ணை இங்கே பெயர்த்து வைக்க முடியாது.

ஆனால் பெரியப்பாவோடு பேசியபோது ஒன்று தெளிந்தது. பாறை உடையுமா என்பதே என் துறை வழக்கமாகக் கேட்கும் கேள்வி. வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு ஏறுமா என்பது அவர் கேள்வி. சமதளமான டெல்டாவில் தண்ணீர் அற்பச் சரிவை நம்பியே நடக்கிறது. பாறை உடையவே வேண்டாம். நிலம் ஒரு சாண் தாழ்ந்தால் போதும், பாய்ச்சலும் வடிகாலும் தடம் மாறிவிடும்.

2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடவில்லை. அவற்றைச் சுற்றி நில மட்டத்தை ஆண்டுதோறும் அளந்து, அந்த அளவுகளை ஊரார் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பதே நான் அவருக்குச் சொன்ன பதில். “அத மொதல்ல சொல்றதுக்கென்ன?” என்றார்.