48 இலக்கங்களும் ஓர் அமானிதமும்



கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாருக்காவது பிரயோசனப்பட்டால் போதும்.

ஒரு கம்பனி தனது ஆபீஸில் பாவித்த ஆறு லெப்டொப்களை எங்கள் பாடசாலைக்கு அன்பளிப்பாகத் தந்திருந்தது. எல்லாம் வின்டோஸ் 10. அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டதால், வின்டோஸ் 11 க்கு மாற்றுவோம் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். "கம்பியூட்டர் தெரிந்த சேர்" என்ற பெயர் எனக்கு இருக்கிறதல்லவா!

முதலில் எடுத்தது ஒபீஸ் லெப்டொப். பாதி தூரம் போய், பழையபடி வின்டோஸ் 10 க்கே திரும்பி வந்தது. 80070070 என்று ஒரு பிழை இலக்கம். டிஸ்கில் இடம் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். விளையாட்டுப் போட்டி வீடியோக்களை அழித்துவிட்டு மறுபடி முயற்சித்தேன். இம்முறை 1900101 என்று முடியும் இன்னொரு இலக்கம். அது பெரும்பாலும் ட்ரைவர் பிரச்சினை. அதைத் தேடிப் பார்க்கப் பொறுமை இருக்கவில்லை. பென் ட்ரைவில் இருந்து நேரடியாகப் போடுவோம் என்று பயோஸுக்குள் போய், பென் ட்ரைவை முதலாவதாக வைத்தேன்.

திரை நீலமாகியது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

பிட்லொக்கர்! கம்பனி தனது தகவல்களைப் பாதுகாக்கப் போட்ட பூட்டு. யாரும் அதைக் கழற்றவில்லை. சாவி எங்களிடம் இல்லை. சனிக்கிழமை, கம்பனியில் யாரும் போன் எடுக்கவில்லை.

அந்த லெப்டொப்பில்தான் பதினோராம் தரப் பிள்ளைகளின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள் இருந்தன. வேறு பிரதி இல்லை. போன மாதம்தான் ஒரு மிஸ்ஸிடம், "பெக்கப் எடுக்காமல் என்ன வேலை செய்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தேன். அஸர் தொழுதேன், மனம் தொழுகையில் இருக்கவில்லை.

கடைசியில் கொழும்பில் ஐ.டி. வேலை செய்யும் பழைய மாணவனுக்கு அழைத்தேன்.

"சேர், கடைசியா என்னத்த மாத்தினீங்க?"

சொன்னேன்.

"பென் ட்ரைவக் கழட்டுங்க. பயோஸ்ல பழையபடியே வைங்க. வேற ஒண்டும் தொடாதீங்க."

செய்தேன். சாவி கேட்காமலே திறந்தது. அல்ஹம்துலில்லாஹ்! பூட் ஒழுங்கு மாறியதால், யாரோ களவாகத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று அது நினைத்திருக்கிறது. பூட்டின் மீது பிழையில்லை.

முதலில் புள்ளிகளை இரண்டு இடங்களில் பிரதி எடுத்தேன். அதன்பின் அவன் சொன்னபடி செய்ய, மஃரிபுக்கு முன் வின்டோஸ் 11 வந்துவிட்டது. ஆறில் நான்கு மாறின. மற்ற இரண்டின் ப்ரொஸஸரும் ஏழாம் தலைமுறை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும். அவற்றை இணையம் இல்லாமல் டைப்பிங் பழக வைத்திருக்கிறோம்.

வீட்டிலோ கடையிலோ இதைச் செய்யப் போகிறவர்களுக்கு:

1. முதலில் பெக்கப். பிறகுதான் மற்றதெல்லாம்.
2. பிட்லொக்கர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாவியைக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டு, அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.
3. டிஸ்கில் 20 ஜிபிக்குக் குறையாமல் இடம் விடுங்கள்.
4. பிரின்டர், டொங்கல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளியில் வாங்கிய அன்டிவைரஸை நீக்குங்கள்.
5. பிழை இலக்கத்தைப் போட்டோ எடுங்கள். காரணம் அதில்தான் இருக்கிறது.
6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

திங்கட்கிழமை அதிபரிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகு ஸ்டாஃப் ரூமில், எல்லோர் முன்னாலும், அந்த மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "சேர், இப்ப பெக்கப் எடுத்தீங்களா?" என்றார்.

பிள்ளைகளின் புள்ளிகள் நம்மிடம் இருக்கும் அமானிதம். மெஷின் பழுதாகலாம். நம் பொடுபோக்கால் அமானிதம் போய்விடக் கூடாது.