ஏசி கேஸ் குடிக்குமா?

மக்களே, ஆபீஸ்ல ஒரு ஆளை எடுக்கணும்னா மூணு ரவுண்டு இன்டர்வியூ வைக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். ஆனா வீட்டுக்கு ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட எத்தனை ரவுண்டு வெச்சேன் தெரியுமா? பூஜ்யம். கரண்ட் கம்பத்து நோட்டீஸைப் பாத்து போன் போட்டேன், அவ்ளோதான்.

வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்துல. கடல் கூப்பிடு தூரம். பைபாஸ் முடிஞ்சு வந்த அப்பாவுக்கு வெக்கை ஆகாதுன்னு அவர் ரூம்ல மாட்டின ஏசி. நோட்டீஸ்காரர் ரெண்டு கோடையில மூணு தடவை வந்தார். "கேஸ் கம்மி சார்"னு தடவைக்கு 2,500 ரூபாய். மூணாவது தடவை, ஜன்னலுக்கு வெளிய கேஸ் ஏத்திக்கிட்டே பீடியைப் பத்த வெச்சார். "தம்பி, தள்ளிப் போய் குடிப்பா"ன்னார் அப்பா, கட்டில்லேர்ந்தே.

அன்னைக்கு ராத்திரிதான் அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரைப் படிச்சேன். ஆர்-32. பழைய ஆர்-22 ஓசோனைக் கெடுக்குதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியா ஒதுக்கறாங்க. ஆர்-32 ஓசோனை ஒண்ணும் பண்ணாது. ஆனா லேசா தீப்பிடிக்கும். (ஏசி ஓடும்போதே எனக்கு வேர்த்துடுச்சு!)

இன்னொண்ணு. பைக் பெட்ரோல் குடிக்கிற மாதிரி ஏசி கேஸைக் குடிக்காது. மூடின குழாய்க்குள்ளயே சுத்தற கேஸ் அது. குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்.

அடுத்து முத்தியால்பேட்டையில ஒரு அண்ணன். "கேஸ் போட எவ்ளோண்ணே?"

"லீக் எங்கன்னு பாக்காம போட மாட்டேன் தம்பி."

முதல் ரவுண்டு பாஸ். ஐடிஐல ரெண்டு வருஷம் ஏசி டிரேடு படிச்சவர். வேக்வம் பம்ப் சொந்தமா வெச்சிருந்தார். ஏற்கெனவே வேலை பாத்த ரெண்டு வீட்டு நம்பர் கேட்டேன், கோவிச்சுப்பாரோன்னு தயங்கித்தான். "அவங்களைக் கேட்டுட்டு அனுப்பறேன்"னார். அனுப்பினார். அதுல ஒரு அம்மா சொன்னாங்க: "ஒரே மாசத்துல மறுபடி மக்கர் பண்ணுச்சு. கூப்பிட்டதும் வந்தார், காசு வாங்கல." எனக்கு அது போதும்.

வந்தவர் நைட்ரஜன் ஏத்தி, சோப்பு நுரை தடவினார். அவுட்டோர் காயில்ல குமிழி. "உப்புக்காத்து அரிச்சிருக்கு தம்பி." ஓட்டையை அடைச்சு, வேக்வம் போட்டு, தராசுல நிறுத்து கேஸ் ஏத்தி, பில்லும் எழுதிக் கொடுத்தார்.

அவர் போனதும் அப்பா கேட்டார்: "இதையெல்லாம் மொதல்லயே கேட்டிருக்கலாமேடா?"

ஹி ஹின்னு சிரிச்சு வெச்சேன். ஆனா அந்த பீடி நெருப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

டிஸ்கி: கேள்வி கேட்டா நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா, காசு மிச்சம்!