அக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை

என் அக்கா தரம் 5 ஆசிரியை. மட்டக்களப்பில், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கமுள்ள ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, கொப்பிக் கட்டோடு வந்து உட்கார்ந்தவர் சொன்னார்:

"இண்டைக்கு ஒரு பொடியன் வகுப்பில அழுதான். தாய் குவைத்துக்குப் போய் ஒரு கிழமையாம். எனக்கு ஒண்டுமே தோணல்ல தங்கச்சி. முகத்தைக் கழுவிப்போட்டு வந்து கணக்கைச் செய் எண்டு சொல்லிட்டன்."

நான் திடுக்கிட்டுப் போனேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, நலன்புரி முகாம்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, அதன்பின் பாடம் தொடங்கியவர் இதே அக்காதான்.

சமூக சேவையாளர் அல்லவா, உடனே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். மனவெழுச்சி நுண்ணறிவு என்றேன். தன் உணர்வை அறிதல், அதை ஆளுதல், பிறர் உணர்வைப் புரிதல் என்று விரல்விட்டு எண்ணினேன். அக்கா சிரித்தார்.

"உங்கட பட்டறைக்கு வந்திருந்தா எங்கட கொப்பிய ஆர் திருத்துற?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல் எழுதிய நூலைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதியவள் நான். விமானப் பணிப்பெண்ணின் புன்னகையும் உழைப்புத்தான், அதுவும் களைத்துப் போகும் என்பது அவர் வாதம். கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளரோ இந்தச் சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டென்றார்: மனம் வற்றுதல், எதிரே நிற்பவர்மீது ஒட்டுதல் அறுதல், நான் செய்வதால் என்ன பயன் என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோய் என்று சொல்லவில்லை. தீராத வேலை அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியது. அக்கா கல்நெஞ்சக்காரியாகிவிடவில்லை. வற்றிப் போயிருந்தார்.

வற்றாமல் என்ன செய்யும்? விடிய நாலு மணிக்கு அடுப்படி, பிறகு பஸ், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் கேள்விகள். வலயத்துக்கு அனுப்பும் படிவங்கள். இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் "டீச்சர், நாளைக்கு என்ன பாடம்?" இதற்கு நடுவில் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல என்னைப் போல ஒருத்தி வேறு! (எனக்கும் இது புதிதல்ல. அழுதழுது கதைத்த ஒரு தாயின் விபரங்களைப் பதிந்துவிட்டு, அடுத்த நிமிடமே சோற்றுப் பார்சலை அவிழ்த்த நாட்கள் உண்டு.)

அன்று நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பாதிக் கொப்பிகளை வாங்கித் திருத்தினேன். அக்கா ஒரு மணித்தியாலம் கதைத்தார். அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அடுத்த நாளிலிருந்து காலைத் தேநீரும் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியும் அவர் பொறுப்பு. எட்டு மணிக்குப் பிறகு போனை அணைத்து வைப்பதாக அக்கா பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஓரிருவர் முணுமுணுத்தார்களாம். ஆசிரியர் அறையில் பேச்செடுத்தபோது, மற்ற இரண்டு டீச்சர்மாருக்கும் இதே கதை. மூவரும் அதிபரிடம் போனார்கள். ஞாயிறு மேலதிக வகுப்பு இப்போது முறைவைத்து நடக்கிறது. படிவங்கள் மட்டும் குறையவில்லை.

போன கிழமை அந்தப் பொடியனைப் பற்றிக் கேட்டேன்.

"கணக்கு இன்னும் வரல்ல. தாய் ராத்திரி கதைச்சாவாம், ஓடி வந்து எனக்குச் சொன்னான்" என்றார் அக்கா.