குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்



சீன நாட்டிற்குச் செல்லவிருக்கிறேன் என்று சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்பது. இரண்டாவது, "யாரோடு போகிறீர்கள்?" முதற்கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. இரண்டாவதற்கு, "யாரோடும் இல்லை" என்றேன். சுற்றுலாக் குழுவோடு சென்றால் ளுஹர் நேரத்தில் பட்டுக்கடை வாசலில் இறக்கிவிடுவார்கள். தொழுகைக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல நமக்கும் கூச்சமாயிருக்கும். ஆகவே நீங்களும் போவதாயின், குடும்பமாகவோ நண்பரோடோ, உங்கள் நேரம் உங்கள் கையில் இருக்கும்படி போங்கள்.

அது நினைப்பதுபோல் அத்தனை கடினமன்று. விரைவு ரயிலுக்குக் கடவுச்சீட்டே போதிய அடையாளம். வெளிநாட்டார் தங்கும் செய்தியைக் காவல்துறையில் பதிவுசெய்வதை விடுதிக்காரரே பார்த்துக்கொள்கிறார். உணவு விஷயத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். புறப்படுமுன் ஒரு துண்டுத் தாளில் 'சிங்ஜென்' என்னும் இரு சீன எழுத்துகளை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூய்மை, உண்மை என்பன அவற்றின் பொருள். அங்கே ஹலால் உணவகத்தை அறிவிக்கும் சொல் அதுவே. பன்றி இறைச்சி இல்லையென்று கடைக்காரர் கையசைத்தால் அதோடு நம்பிவிடாதீர்கள். பொரிக்கும் கொழுப்பு அதுவாக இருக்கலாம். அரபி எழுத்தைத் தேடியும் அலையாதீர்கள். பெய்ஜிங்கில் 2019 ஆம் ஆண்டு உணவகப் பலகைகளில் இருந்த அரபி எழுத்துகளை அதிகாரிகள் அகற்றச் செய்தார்கள்.

நான் முதலில் சென்றது தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள சுவான்ஜோ. இப்னு பதூதா 'ஸைத்தூன்' என்று வியந்து எழுதிய துறைமுகம் இதுதான். 2021 இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்குள்ள சிங்ஜிங் பள்ளிவாசல் ஹிஜ்ரி 400 இல், அதாவது கி.பி. 1009 வாக்கில் கட்டப்பட்டது. உயர்ந்த கருங்கல் வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் பழைய தொழுகைக் கூடத்திற்குக் கூரையில்லை. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கல்லில் வெட்டிய இறைவசனங்களின்மேல் வெயில் நேராக விழுகிறது. 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் இதே ஊரில் கிடைத்திருக்கிறது. சிவன் கோயில் ஒன்றைப் பற்றியது. நம் கரையிலிருந்து போனவர்களும் அரபு வணிகரும் ஒரே துறைமுகத்தில் சரக்கிறக்கியிருக்கிறார்கள் என்று எண்ணியபோது, அந்நிய ஊரில் நிற்கிறோம் என்ற அச்சம் சிறிது தணிந்தது.

அங்கிருந்து விமானத்தில் ஷியான். பழைய தலைநகர். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலின்மேல் வாடகைச் சைக்கிளில் நகரையே சுற்றி வரலாம். அந்தி சாய்ந்தபின் மணிக்கூண்டும் முரசுக் கோபுரமும் விளக்கொளியில் பொன்னாய் மின்ன, தாங் வமிசத்து அரசிகள்போல் உடுத்திய இளம்பெண்கள் வீதிதோறும் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நானும் கணக்கின்றி எடுத்தேன், மறைக்கவில்லை. முரசுக் கோபுரத்தின் பின்னால் முஸ்லிம் வீதி தொடங்குகிறது. அங்கே ஒரு கடையில் கிண்ணத்தையும் தடித்த ரொட்டியையும் கொடுத்து, நம் கையாலேயே பொடிப்பொடியாகப் பிய்த்துப் போடச் சொல்கிறார்கள். அதன்மேல் ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். நான் அவசரத்தில் பெரிது பெரிதாகப் பிய்க்க, பக்கத்திலிருந்த மூதாட்டி என் கிண்ணத்தை வாங்கி, சிறிதாகப் பிய்த்துத் தந்தார். ஸலாம் ஒன்றுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

வீதியின் சந்தடியிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் பெரிய பள்ளிவாசல். எட்டாம் நூற்றாண்டில் தொடங்கியது என்பது மரபு. இன்றுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் மிங் வமிசக் காலத்தவை. வாயிலில் ஸலாம் சொன்னதும் நுழைவுச்சீட்டுக் கேளாமல் உள்ளே விட்டார்கள். குவிமாடம் இல்லை. மினாரா இருக்க வேண்டிய இடத்தில் எண்கோண வடிவில் மூன்றடுக்குக் கூரையுடன் ஒரு சீனக் கோபுரம். 'உள்ளத்தை ஆராயும் கோபுரம்' என்று அதற்குப் பெயராம். தோட்டங்களும் தோரண வாயில்களுமாய் ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள். சீனக் கோயில்கள் தெற்கு நோக்கி அமையும்; இதுவோ கிப்லாவுக்காக மேற்கே திரும்பியிருக்கிறது. அந்த ஒரு திருப்பத்தைத் தவிர மற்ற யாவும் அந்நாட்டுத் தச்சன் கைவேலை.

அஸருக்கு முன்பு வெயில் சாய்ந்து, நீல ஓட்டுக் கூரை பளபளத்தது. தொழுகைக் கூடத்தின் படியில் வெண்தொப்பி அணிந்த பெரியவர்கள் சிலர் அமர்ந்திருந்தனர். நான் காமிராவை உயர்த்தினேன். அவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். கோபப்படவில்லை. லென்ஸைத் தம் உள்ளங்கையால் மூடி, மறு கையால் ஒளுச் செய்யும் இடத்தைக் காட்டினார். வாசகர்களே, அந்த முற்றத்தில் அதுவரை நானும் ஒரு வேடிக்கை பார்ப்பவனாகவே நின்றிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒளுச் செய்துவிட்டு வந்தேன். ஸஃப்பில் தமக்குப் பக்கத்தில் இடம்விட்டு வைத்திருந்தார். அரபியிலும் சீனத்திலும் வசனங்கள் செதுக்கிய மரப்பலகைகளுக்கு நடுவே, அங்கே 'ஆஹோங்' என்றழைக்கப்படும் இமாமின் பின்னால் தொழுதோம்.

ஊர் திரும்பியதும் மத்ரஸாப் பிள்ளைகள் படங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். கோபுரத்தைக் கண்டு ஒருவன், "இது பள்ளிவாசலா, ஹள்ரத்?" என்று சிரித்தான். தொழுகை முடிந்தபின் அந்தப் பெரியவரே அனுமதித்து எடுத்த படம் ஒன்றும் இருந்தது. அதை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பத்து வயதுப் பையன் கேட்டான்: "எல்லாரும் பெரியவங்களாவே இருக்காங்களே, எங்களை மாதிரிப் பிள்ளைங்க அங்கே ஓத வரமாட்டாங்களா?"

அது பள்ளிக்கூட நேரம் என்றேன். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கான்சு மாகாணத்து லின்சியா வட்டாரத்தில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மார்க்கக் கல்வி பெறுவது தடுக்கப்பட்டதாக 2018 இல் வந்த செய்தியை நான் படித்திருந்தேன். மறைத்துவிட்டு அவனுக்கு அன்றைய பாடத்தை நடத்த மனம் வரவில்லை, சொன்னேன். வகுப்பு சற்று நேரம் ஓசையற்றிருந்தது. பிறகு அந்த ஊரின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.