நீறு பூத்த நெருப்பு

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் எனக்கு ஒரு மதினி இருக்கிறார். பெரியப்பா மகனின் மனைவி. பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை, எண்ணிக்கைக்குக் கூலி. கை ஒரு பக்கம் ஓட, வாயில் ஊர்க்கதை ஓடும். 2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்து பிழைத்து வந்தார்.

பாதிதான் பிழைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு நா வேலைக்குப் போனா மூணு நா படுக்கை தம்பி. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. எல்லாம் நார்மலாம். உங்கண்ணன், 'எல்லாம் மனசுலதான்'ங்காரு. அத்தை, 'உடம்பு வளையலை'ங்காக."

காய்ச்சல் வந்தால் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறதே, அதைச் செய்வது யார்? கிருமி என்பீர்கள். பெரும்பாலும் உங்கள் உடம்பேதான்! கிருமி நுழைந்ததும் நம் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லச் சின்னச் சின்னப் புரதங்களை அனுப்புகின்றன. சைட்டோகைன் என்பது பொதுப்பெயர். 1957-ல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்த இன்டர்ஃபெரான் அதில் ஒன்று. 'வைரஸ் வந்தாச்சு, கதவைச் சாத்து' என்று பக்கத்து செல்லை எச்சரிக்கும். இன்டர்லூக்கின்-6 இன்னொன்று. 'சூட்டை ஏத்து, பசியைக் குறை, ஆளைப் படுக்க வை' என்று மூளைவரை சேதி அனுப்பும். ஆக, அசதி என்பது சோம்பேறித்தனம் அல்ல. உடம்பு போடுகிற உத்தரவு.

பட்டாசு ஆலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே பெரிய கட்டடமாக இருக்காது. இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் பிடித்த தீ அடுத்ததுக்குத் தாவக் கூடாது. உடம்பின் அபாயச் செய்தியும் அப்படித்தான், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். கடுமையான கொரோனாவில் அது அடங்கவில்லை. சரவெடி மாதிரி ஒன்று இன்னொன்றைப் பற்ற வைத்தது. வைரஸ் குறைகிற நேரத்திலும் நுரையீரல் வெந்தது. 'சைட்டோகைன் புயல்' என்று அப்போது படித்திருப்பீர்கள்.

2020 ஜூனில் இங்கிலாந்தின் 'ரெகவரி' ஆய்வு ஒரு நல்ல சேதி சொன்னது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. எரியாத வீட்டில் தண்ணீரை ஊற்றி என்ன பயன்? 2021-ல் ஸ்டீராய்டை இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டதும், கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்து, கருப்புப் பூஞ்சையில் கண்ணைப் பறிகொடுத்தவர்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, புயல் கரையைக் கடந்த பிறகும் மதினி ஏன் படுத்திருக்கிறார்?

ஆஸ்திரேலியாவில் நீண்ட கோவிட் உள்ளவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். தொற்று வந்து 8 மாதம் ஆகியும் இன்டர்ஃபெரான் உயர்ந்தே இருந்தது. வைரஸின் மிச்சம் உடம்பில் ஒளிந்திருக்கலாம் என்று ஒரு கட்சி, நோய் எதிர்ப்பு சக்தியே தடுமாறுகிறது என்று இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். நாம் வழக்கமாக எடுக்கிற டெஸ்ட்டுகள் இந்தப் புரதங்களைத் தேடுவதே இல்லை. 'நார்மல்' என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. தேடின இடத்தில் இல்லை என்றுதான் அர்த்தம்.

குணமாக்க ஒரே மாத்திரை என்று எதுவும் கிடையாது. தெம்புக்குத் தக்கபடி வேலையைப் பிரித்து, களைக்கும் முன்பே உட்காருவது பலருக்கு உதவுகிறது. அதற்கு முதலில் வீட்டில் உள்ளவர்கள் நம்ப வேண்டும்.

இதையெல்லாம் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அவரும் ஆலைக்காரர்தான். "ஏண்ணே, தீ அணைஞ்சதும் ஒடனே ஷெட்டுக்குள்ள போவீகளா?" என்றேன்.

"எவன் போவான்? சாம்பலுக்குள்ள கங்கு கெடக்கும்ல."

"மதினி உடம்புக்குள்ள அதுதாண்ணே கெடக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது குழாயடியில் இரண்டு குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த மதினி என்னைப் பார்த்து, "கலியாணமாகி இருவது வருசத்துல இதுதான் மொதத் தடவை தம்பி" என்றார்.