எந்த ஃப்ரீசன்?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. வின்னிபெக்கிலிருந்து தென்கிழக்கே ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான தூரம். மெனோனைட்டுகள் உருவாக்கிய ஊர். பல வருடங்கள் பக்கத்திலேயே வாழ்ந்தும் நான் முதன்முதலாக அங்கே போனது ஒரு மரணச் சடங்குக்கு. என்னுடன் வேலை செய்த நண்பரின் தகப்பனார் காலமாகியிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் உணவு. பன், பாற்கட்டித் துண்டுகள், வெள்ளரி ஊறுகாய், கோப்பி, கிண்ணம் நிறையச் சீனிக்கட்டிகள். அந்தச் சீனிக்கட்டியைக் கோப்பிக்குள் போடுவதில்லை. நுனியை நனைத்து அப்படியே கடிக்கிறார்கள். நானும் கடித்துப் பார்த்தேன். துக்க வீட்டில் இப்படியொரு சிறிய இனிப்பை அனுமதித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

என் எதிரே இரண்டு முதியவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் சஸ்காச்சுவானிலிருந்து வந்தவர்; மற்றவர் உள்ளூர்ப் பெண்மணி. முன்பின் அறிமுகமில்லை. கிழவர் தன் குடும்பப் பெயர் ஃப்ரீசன் என்றார். பெண்மணி உடனே நிமிர்ந்து, “எந்த ஃப்ரீசன்?” என்று கேட்டார். பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. தாயார் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? பாட்டனாரின் கிராமம் எது? ரஷ்யாவிலிருந்து வந்தது முதல் கூட்டத்திலா, இரண்டாவதிலா? ஒரு கோப்பி ஆறுவதற்குள் கிழவரின் பாட்டியும் பெண்மணியின் பாட்டனாரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று முடிவாகிவிட்டது. இருவர் முகத்திலும் தொலைந்த பொருள் கிடைத்த மலர்ச்சி. அது சாவு வீடு என்பதையே மறந்து சிரித்தார்கள்.

‘இதற்கு மெனோனைட் விளையாட்டு என்று பெயர். இரண்டு பேர் சந்தித்தால் ஆடாமல் விடமாட்டார்கள்’ என்று நண்பர் என் காதில் சொன்னார்.

இந்த விளையாட்டில் எவரும் பெரும்பாலும் தோற்பதில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய வரலாறு. 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்த மென்னோ சைமன்ஸின் வழிவந்தவர்கள் இவர்கள். நெதர்லாந்திலும் ஃப்ரீஸ்லாந்திலும் துரத்தப்பட்டவர்கள் விஸ்டுலா ஆற்றின் கழிமுகத்துக்குப் போய்ச் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கினார்கள். 1789 முதல் பேரரசி கேத்தரின் அழைத்த நிலத்துக்கு, இன்றைய உக்ரைனுக்கு, இடம்பெயர்ந்தார்கள். அங்கே கட்டாய இராணுவ சேவை வந்தபோது, ஆயுதம் ஏந்தமாட்டோம் என்ற இவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் 1870களில் மனிடோபாவுக்குக் கப்பலேறினார்கள். புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு, 1920களில், இன்னுமொரு 20,000 பேர் கனடாவுக்கு வந்தார்கள். இவ்வளவு அலைச்சலிலும் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டார்கள். ஆகவே ஃப்ரீசன், ரைமர், டிக், வீபே, பென்னர், க்ளாஸன், லோவன் என்று அதே பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஃப்ரீசன் என்றால் ஃப்ரீஸ்லாந்துக்காரர். டிக் என்பது நீரைத் தடுக்கும் கரை. ஊர்ப்பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமக்கும் எழுத்தாளர்கள் நம்மிடமும் உண்டு என்பதால் எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. ஒரே கிராமத்தில் பல பீட்டர் ஃப்ரீசன்கள் இருந்துவிட்டால் பட்டப்பெயர்தான் கதி. அதிலும் நம் கிராமங்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் அல்லர்.

இப்பெயர்களையெல்லாம் தொகுத்து ஒரு வம்சாவளித் தரவுத்தளம் செய்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கிராண்ட்மா’, அதாவது பாட்டி, என்று வரும். யாருடைய குறும்போ!

எங்கள் மேசையில் இன்னொருவரும் இருந்தார். இறந்தவரை முதியோர் இல்லத்தில் கடைசிவரை பராமரித்த தாதி, இந்தியப் பெண். பெண்மணி அவர் பக்கம் திரும்பி அன்போடு விசாரித்தார். “நானும் மெனோனைட்தான். மகபூப்நகர். என் பாட்டனார் காலத்திலிருந்து” என்றார் தாதி. பெண்மணி பழக்கத்தில், “குடும்பப் பெயர்?” என்று கேட்டுவிட்டார். தாதி ஒரு தெலுங்குப் பெயரைச் சொன்னார். விளையாட்டு நின்றது. அதில் துளியும் வன்மம் இல்லை. அடுத்த கேள்வி எது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

தாதிதான் மௌனத்தைக் கலைத்தார். “எங்கள் பக்கம், நல்கொண்டாவுக்கு, முதலில் ஊழியத்துக்கு வந்தவரும் ஒரு ஃப்ரீசன்தான். ஏப்ரகாம் ஃப்ரீசன்.”

சஸ்காச்சுவான் கிழவர் பன்னைக் கீழே வைத்தார். “எந்த ஃப்ரீசன்?”

அடுத்த பத்து நிமிடங்கள் இரண்டு முதியவர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யக் குடியேற்றத்திலிருந்து இந்தியாவுக்குப் போன அந்த மனிதரின் வேரைத் தேடினார்கள். கொண்டுவந்து கொடுத்தவர் சீனிக்கட்டியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று மெனோனைட்டுகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கிறார்கள். எத்தியோப்பியச் சபையே இவற்றுள் மிகப் பெரியது. அவர்களில் ஃப்ரீசன்களும் ரைமர்களும் இல்லை. இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பிறப்பினால் எவரும் விசுவாசி ஆவதில்லை, அறிவு வந்த வயதில் தானாகத் தெரிந்தெடுத்தவரே ஞானஸ்நானம் பெறலாம் என்று சொன்னதற்காகக் கொல்லப்பட்டவர்களின் மரபு இது. சூரிக்கில் 1527இல் ஃபீலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது இதற்காகத்தான். அந்த வழியில் வந்தவர்கள், கேட்கும் முதல் கேள்வி பிறப்பைப் பற்றியதாக இருக்கிறது! ரூடி வீபே 1962இல் எழுதிய முதல் நாவலில், மெட்டீ பழங்குடிகளைச் சபைக்குள் வரவிடாத ஒரு டீக்கன் வருகிறார். அந்நாவல் கிளப்பிய எதிர்ப்பினால் வீபே சபைப் பத்திரிகையின் ஆசிரியப் பதவியை விடவேண்டி வந்தது.

ஆனால் எனக்கு அவர்களைக் குறை சொல்லும் தகுதி கிடையாது. வின்னிபெக்குக்கு நாங்கள் வந்த புதிதில் ஒரு பொடியனைச் சாப்பிட அழைத்திருந்தோம். தனியாக வந்து, தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டிருந்தவன். என் மாமா அன்பாகத்தான் தொடங்கினார்.

“தம்பி எந்த ஊர்?”

சொன்னான்.

“ஊரிலே எந்தப் பக்கம்? கோயிலடியோ?”

அதையும் சொன்னான்.

“தகப்பன் என்ன செய்தவர்?”

அவன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். மாமா எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் அவனுடைய இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். பேச்சை மாற்ற ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. அவன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வழியில் கண்டால் தலையசைப்பான்.

திரும்பும்போது தாதியும் என் காரில் வந்தார். இருபுறமும் அறுவடை முடிந்த சமவெளி. நெடுநேரம் பேசாமல் வந்தவர், “நீங்கள் இலங்கையா? எந்த ஊர்?” என்று கேட்டார்.

சொன்னேன். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.

“அங்கே கடல் இருக்கிறதா?” என்றார்.