இல்லாத பொருளின் எடை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாய் சற்று நீளம். அந்த நீளத்தினால் சென்ற மாதம் என் தங்கையிடம் நன்றாக அகப்பட்டுக் கொண்டேன்.

தங்கை ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் மகன் ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவன். ஆறு வருஷமாக அவன் தேடியது கனமான குவார்க் ஒன்றை. அணுவின் கருவிலே புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன. அவை குவார்க்குகளால் ஆனவை. குவார்க்கில் ஆறு வகை. இதெல்லாம் நிரூபணமான சங்கதி. ஏழாவதாக, இந்த ஆறையும் விடக் கனத்த ஒன்று இருக்கலாம் என்று சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்கைக்கு இதை எடுத்துச் சொன்னவன் நான்தான். “பையன் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கப் போறான்” என்றேன். அவள் தெரு முழுவதும் சொல்லி வைத்துவிட்டாள்.

சென்ற மாதம் ஆராய்ச்சிப் புத்தகம் பைண்டு ஆகி வந்தது. முடிவு: அப்படி எதுவும் அகப்படவில்லை.

“ஆறு வருஷம் படிச்சு, இல்லேன்னு எழுதிக் கொடுத்தா பட்டம் தருவாங்களா, அண்ணா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

பையன் அவளை உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தான். ஜெனிவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வளையமாக ஒரு சுரங்கம். அதில் புரோட்டான் கூட்டங்களை எதிரெதிராக ஓட்டி மோத விடுகிறார்கள், விநாடிக்கு நாலு கோடி தடவை. மோதும் இடத்தைச் சுற்றி 14,000 டன் எடையில் ஒரு கருவி. அதன் ஒரு பகுதிக்கு வேண்டிய பித்தளை, இரண்டாம் உலக யுத்தத்து ரஷ்யக் கடற்படைக் குண்டுகளின் கூடுகளை உருக்கி எடுத்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கூடுகளாம். தங்கை முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

“சுரங்கத்துல ஒவ்வொரு பெரிய காந்தமும் 15 மீட்டர் நீளம், 35 டன். அதை மூணு ஜாக்கி மேலே நிறுத்தியிருக்காங்கம்மா. இம்மி பிசகாமல் ஏத்தி இறக்கலாம். அந்த ஜாக்கி ஏழாயிரத்துக்கு மேலே, எல்லாம் இந்தூரிலும் பெங்களூரிலும் செஞ்சு போனது.”

“ஜாக்கியா?” என்று நிமிர்ந்தாள். என் மைத்துனர் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். அந்த வீட்டில் ஜாக்கி என்றால் குடும்பத்தில் ஒருவர் மாதிரி.

அந்தச் சூட்டோடு நான் ஆறாவது குவார்க்கின் கதையை எடுத்தேன். ஐந்தாவது 1977-ல் கிடைத்தது; அதற்கு ஜோடி இருந்தே தீரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜப்பானியர் அதை எதிர்பார்த்து ஒரு யந்திரமே கட்டினார்கள், அகப்படவில்லை. 1984-ல் ஐரோப்பாவில் ஒரு குழு, கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று அறிவித்துப் பிறகு பின்வாங்கியது. கடைசியில் 1995-ல் அமெரிக்காவின் பெர்மி ஆய்வுக்கூடத்தில்தான் பிடிபட்டது. அங்கே தேடிய இரு குழுக்களில் ஒன்றில் பம்பாய், டில்லி, சண்டீகர்காரர்களும் இருந்தார்கள். எடையைப் பார்த்தால் குண்டு பல்புக்குள் இருக்கிறதே டங்ஸ்டன் கம்பி, அதில் ஓர் அணு எவ்வளவோ அவ்வளவு. அணுவுக்குள் இருக்கும் பொடிக்கு ஒரு முழு அணுவின் கனம்! பதினெட்டு வருஷம் பிடித்ததில் ஆச்சரியம் என்ன?

“அது இருந்தது, கிடைச்சுது. இவனுது?” என்றாள் தங்கை. என் கதை சாய்ந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெரியவர் வாழ்த்துச் சொல்ல வந்து நின்றார். காசிமேட்டில் நாற்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். தங்கை சமையலறைக்குள் போய்விட்டாள்.

“இன்னாபா, கெடைச்சுதா?”

“கிடைக்கல, தாத்தா.”

“எம்மாம் தூரம் போய்ப் பாத்தே?”

ஆறு வருஷத்தில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. பையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அந்தக் குவார்க் பிறந்த கணமே சிதறிவிடும். சிதறலை வைத்துத்தான் அதை அறிய வேண்டும். ஆனால் பழைய ஆறு குவார்க்குகளும் கிட்டத்தட்ட அதே மாதிரி சிதறலைக் கொடுக்கும். ஆகவே, புதியது இல்லாவிட்டால் எத்தனை வரும், இருந்தால் எத்தனை வரும் என்று முதலிலேயே கணக்கிட்டு எழுதிவிடவேண்டும். அதுவரை முக்கியமான விவரங்களை மூடியே வைத்திருப்பார்கள். ஆசை கணக்கைக் கெடுத்துவிடக்கூடாதே! (இந்த ஏற்பாடு நாவலாசிரியர்களுக்கும் இருந்தால் தேவலை.) பிறகு ஒரு நாள் திறந்து எண்ணுகிறார்கள். திறந்தார்கள்; புதியது இல்லாவிட்டால் எத்தனை வரவேண்டுமோ, ஏறக்குறைய அத்தனைதான் இருந்தது.

பழைய ஆறின் ஜாடையிலேயே இன்னொரு ஜோடி இருக்குமோ என்ற சந்தேகம், 2012-ல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டபோதே அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தால் ஹிக்ஸ் பல மடங்கு அதிகமாக உற்பத்தியாகியிருக்க வேண்டும். தன் எடையை ஹிக்ஸிடம் கடன் வாங்காத ஒரு வகை மட்டும் பாக்கி. அதைத்தான் இவன் தேடினான்.

“புரோட்டானைப் போல ஆயிரத்தைந்நூறு மடங்கு எடை வரைக்கும் பார்த்தாச்சு, தாத்தா. ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதுக்குள்ளே இருந்திருந்தா எங்க கையிலே மாட்டியிருக்கும்.”

“அப்ப அதுக்கு அப்பால போறவன் இந்தத் தண்ணியில வலை போட வேணாம்னு சொல்லு. டீசல் மிச்சம்” என்றார் பெரியவர். இதை அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை. தொழில்காரர் தொழில்காரரிடம் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுக் காப்பிக்குக் காத்திருந்தார்.

தங்கை டம்ளருடன் வந்தாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“இல்லாத சாமானுக்கு எடை எப்படிடா தெரியும்?”

“இவ்வளவுக்குக் குறைஞ்சு இல்லேன்னுதாம்மா தெரியும்.”

“அப்போ, அதைவிடக் கனமா இருந்தா?”

“இருக்கலாம்மா.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எங்கிட்டே நீ சொன்னப்போ இந்த ‘லாம்’ இருந்துச்சா, அண்ணா?”

எனக்குக் காப்பி வரவில்லை.